மிதாதும் ஹிப்றும்: எழுத்து மையின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

சென்ற றபீஉனில் அவ்வல் மாதத்தில் எங்களூர்ப் பள்ளிவாசல் மண்டபத்தில் நடந்த கூட்டமொன்றில் இளம் மௌலவி ஒருவர் பேசினார். நல்ல பேச்சு; தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். முஸ்லிம்களின் விஞ்ஞானப் பங்களிப்பை நிரைப்படுத்திச் சொல்லி வந்தவர், முடிவை நெருங்கும்போது குரலை உயர்த்தினார்: "நனோ தொழினுட்பம் எண்டு இண்டைக்கு மேற்குலகம் பெருமையடிக்கிறதெல்லாம் எங்கட முன்னோருக்கு எத்தனையோ நூறு வருசத்துக்கு முந்தியே தெரியும்." மண்டபம் தக்பீர் முழங்கியது. நானும் முழங்கினேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்த வசனம் தொண்டையில் மீன் முள் போல நின்றது.

அவர் எதை வைத்துச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். 2006 ஆம் ஆண்டு ஜேர்மனியின் டிறெஸ்டன் நகர ஆய்வாளர் சிலர், 17 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த டமஸ்கஸ் வாளொன்றின் துண்டை ஆராய்ந்து, அதனுள் கரி நனோகுழாய்கள் காணப்பட்டதாக 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார்கள். அன்று தொடக்கம் அந்த வாள் நம் மேடைகளில் சுழன்றுகொண்டிருக்கிறது. அத்தகைய வாள்களுக்கான உருக்கு இலங்கையிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் போனது என்பதையும், அல்-கிந்தி தமது வாள்கள் பற்றிய நூலில் சரன்தீப் உருக்கைக் குறிப்பிடுகிறார் என்பதையும் மேடையில் யாரும் சொல்வதில்லை. அது வேறு கதை. வாளடித்த கொல்லர் கண்டது இரும்பின் மேல் ஓடிய நீரலைக் கோலத்தை. குழாயை அவர் காணவில்லை. காண்பதற்கு வழியும் இல்லை. அவருடைய அறிவுக்கு நாம் வேறொரு பெயரைச் சூட்டி, அந்தப் பெயருக்காகப் பெருமைப்படுகிறோம்.

எனக்கு வாளைவிட மையைப் பற்றித்தான் பேச விருப்பம். காரணம், வாள் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. மை இருந்தது.

மூத்தாப்பாவின் கிதாபுப் பெட்டி 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பை அடித்த சூறாவளியில் நனைந்தது. கூரை போய்விட்டது, விடியும் வரை மழை நேரே பெட்டியின் மேல் பெய்தது. அடுத்த நாள் வெயில் வந்ததும் வாப்பா தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாயில் பரப்பினார்கள். நான் சிறுவன். உதவி செய்கிற ஆசையில், சேறு பட்ட ஒரு பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தேன். சேற்றோடு ஐந்தாறு வரிகளும் துணியில் வந்துவிட்டன. வாப்பா அடிக்கவில்லை. "அதத் தொடாத மகன், அது கரையிற மையி" என்று மட்டும் சொன்னார்கள். துணியைப் பேசினில் போட்டு அலசினேன், தண்ணீர் கறுத்தது. கிணறெல்லாம் கலங்கிக் கிடந்த நேரமாகையால் பேசினை ஊற்றாமல் மூலையில் வைத்தோம். மூன்று நாளாகியும் அந்தத் தண்ணீர் தெளியவில்லை. அடியில் ஒரு மண்டியும் இறங்கவில்லை. அதே கிதாபின் வேறு சில பக்கங்களோ முழுக்க நனைந்தும் ஓரெழுத்தும் கலையாமல் இருந்தன.

ஒரே கிதாபில் இரண்டு கை எழுதியிருந்தது, இரண்டு மை. இது விளங்குவதற்கு எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.

அரபியில் மைக்கு இரண்டு பெயர்கள் உண்டு. மிதாத் என்பது ஒன்று. திருக்குர்ஆனில் சூறத்துல் கஹ்புவின் 109 ஆம் வசனத்தில் கடலை உவமையாக்கும் இடத்தில் வருவது இந்தச் சொல்தான். மற்றது ஹிப்று. பிற்காலத்தில் இரண்டையும் மாற்றி மாற்றி வழங்கினார்களாயினும், பழைய செய்முறை நூல்களில் மிதாத் பெரும்பாலும் விளக்குக் கரியால் ஆன மை. ஹிப்று மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்த மை. மாசிக்காயும் அன்னபேதியும் நம் நாட்டு மருந்துக் கடைக்காரருக்கு இன்றும் தெரிந்த சரக்குகள். துருக்கியர் மூன்றாவது ஒரு சொல்லை எடுத்துக்கொண்டார்கள்: முறெக்கெப். இது அரபியின் முறக்கப் என்பதன் துருக்கி வடிவம். சேர்த்துக் கூட்டப்பட்டது, கலவை என்பது பொருள். மை என்பது ஒரு பொருளல்ல, ஒன்றோடொன்று சேராதவற்றைச் சேர்த்து வைத்த கூட்டு என்று பெயர் வைத்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

கரிமையின் சேர்மானம் மூன்றே: புகைக்கரி, பிசின், நீர். கேட்பதற்கு எளிது. செய்து பார்த்தவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும். நான் செய்து பார்த்தேன். மண்ணெண்ணெய் விளக்கின் மேல் சட்டியைக் கவிழ்த்துக் கரி பிடித்து, ஒரு தேக்கரண்டியைத் தண்ணீரில் போட்டால் அது மிதக்கும். கலக்கினால் கட்டி கட்டியாக நிற்கும். கலக்குவதை விட்டால், கால் மணி நேரத்துக்குள் கறுப்பெல்லாம் ஒன்றில் மேலே, ஒன்றில் அடியில். நடுவில் அழுக்குத் தண்ணீர். அதைத் தொட்டு எழுதினால் அலிபின் தலை கறுப்பாகவும் கால் சாம்பலாகவும் வருகிறது.

ஏன் அப்படி? புகைக்கரியின் தனித் துணிக்கை ஏறத்தாழ 20 முதல் 50 நனோமீற்றர் குறுக்களவு கொண்டது. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான் நனோமீற்றர். இவ்வளவு சிறிய துணிக்கை தனியே இருந்தால் நீரில் அடங்காது. 50 நனோமீற்றர்த் துணிக்கை தன் பாரத்தால் ஒரு நாளில் இறங்கும் தூரம் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்களவே. நீர் மூலக்கூறுகள் எப்பக்கமும் மோதி அதைத் தட்டிக்கொண்டே இருப்பதால் அந்தச் சிறு இறக்கமும் பொருளற்றுப் போகிறது. ஆனால் துணிக்கைகள் தனியே இருப்பதில்லை. மிக அருகில் வந்தால் எந்த இரு பொருளுக்கும் இடையில் ஓர் ஈர்ப்பு உண்டு. கரிக்கு நீர் பிடிக்காது என்பதால் அந்த ஒட்டுதல் இன்னும் இலகுவாகிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு இருபதாகித் திரள்கின்றன. இறங்கும் வேகம் பருமனின் வர்க்கத்தோடு ஏறும். துணிக்கையைவிட 200 மடங்கு பெரிய திரள் கெட்டியாக அமைந்திருந்தால் 40,000 மடங்கு வேகமாக இறங்கும். மைக்கூட்டின் ஆழம் மூன்று சென்ரிமீற்றர் என்றால், தனித் துணிக்கைக்கு ஏறக்குறைய ஒரு வருடத் தூரம்; திரளுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம்.

ஆகவே மை செய்வது என்பது கறுப்பைச் செய்வதல்ல. கறுப்பு விளக்கிலேயே கிடைத்துவிடுகிறது. அது ஒன்றுகூடி விடாமல் காப்பதுதான் வேலை.

அந்தக் காவலைச் செய்வது பிசின். அரபுப் பிசின் என்று உலகம் சொல்வது பெரும்பாலும் சூடானின் கொர்தோபான் போன்ற வரண்ட நிலங்களில் வளரும் ஒருவகை அகேசியா மரத்தின் பட்டையிலிருந்து வடிவது. நம் பக்கத்துக் கருவேலம் பிசின் அதன் உறவு. இரசாயன முறையில் பார்த்தால் இது இயற்கைப் பல்பகுதியம்: கிளைவிட்ட வெல்லச் சங்கிலிகள், அவற்றில் ஒரு பங்கு புரதத்தோடு பிணைந்தவை. புரதப் பகுதி நீரை விரும்பாமல் கரியின் முகத்தில் ஒட்டிக்கொள்கிறது. வெல்லச் சங்கிலிகள் நீருக்குள் விரிந்து நிற்கின்றன. மல்வானை றம்புட்டானை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பழங்களை எவ்வளவு நெருக்கினாலும் மயிர்தான் மயிரைத் தொடும். தோல் தோலைத் தொடாது. கரித்துணிக்கைகளும் அப்படியே. ஈர்ப்பு வேலை செய்யக்கூடிய தூரத்துக்குள் அவை வருவதே இல்லை. அத்துடன் பிசினில் அமிலக் கூறுகளும் உண்டு. அவை நீரில் மறை ஏற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ளுகின்றன.

இனி நூல்களுக்கு வருவோம். வட ஆபிரிக்காவின் சீரி வம்சத்து ஆட்சியாளர் அல்-முஇஸ் இப்னு பாதீஸ் (ஆட்சி 1016–1062) பெயரில் வழங்கும் 'உம்ததுல் குத்தாப்' என்ற நூல், எழுத்தாளருக்கும் நூல் கட்டுவோருக்கும் உரிய கைவேலைகள் பற்றியது. பன்னிரண்டு பாடங்கள் கொண்டது. பேனா சீவுவதிலிருந்து கரிமை, மாசிக்காய் மை, நிற மைகள், பசை, தோற்கட்டு வரை அதில் உண்டு. மார்ட்டின் லெவி 1962 இல் இதை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். பக்தாதின் பெரிய எழுத்துக் கலைஞர் இப்னுல் பவ்வாப் (மரணம் 1022) எழுத்துக்கலை பற்றிப் பாடிய கவிதையிலும் மைக்கான அறிவுரை வருகிறது. இப்னு கல்தூன் அந்தக் கவிதையைத் தமது முகத்திமாவில் எடுத்தாண்டிருக்கிறார். எகிப்தின் அல்-கல்கஷந்தி (மரணம் 1418) அரச செயலக எழுத்தருக்கு எழுதிய பெருநூலில் மைக்கென்று இடம் ஒதுக்கினார். கலீபாவின் கடிதம் அழிந்தால் அது ஆட்சியின் பிரச்சினை. ஆகையால் மை கைவினைஞரின் கவலை மட்டுமாக இருக்கவில்லை.

உஸ்மானியத் துருக்கியரின் செய்முறையில்தான் நான் அதிகம் தங்கிவிட்டேன். அங்கே முதல் வேலை கரியின் எண்ணெய்ப் பசையை நீக்குவது. கரியைக் காகிதத்தில் சுற்றி, அதன் மேல் மாவைப் பொதிந்து, ரொட்டி போல அடுப்பில் சுட்டார்கள். எரியாமல் மீந்த எண்ணெய் வெப்பத்தில் வெளியேறும். எண்ணெய் படிந்த கரி நீரைக் கிட்ட விடாது. பிசினும் அதன்மேல் சரியாகப் பிடிக்காது. அடுத்து, பிசினைச் சிறிது நீரில் கரைத்துத் தேன் பதத்தில் எடுத்து, கரியோடு உரலில் இட்டு இடித்தார்கள். ஒரு மணி இரண்டு மணி அல்ல, நாட்கணக்கில். இடியின் எண்ணிக்கையை ஆயிரக்கணக்கில் சொல்வார்கள். நீர் கடைசியில்தான் சேரும்.

இந்த ஒழுங்கில்தான் விஷயம் இருக்கிறது. முதலிலேயே நிறைய நீர் விட்டிருந்தால் எவ்வளவு இடித்தும் பயனில்லை. உலக்கை நீரைத்தான் கலக்கும். கலவை தடிப்பாக இருக்கும்போதுதான் உலக்கையின் இழுவை திரளின் இரு பக்கமும் எதிரெதிராகப் பிடித்து அதைக் கிழிக்கும். கிழிந்த கணமே புது முகத்தில் பிசின் படிந்துவிட வேண்டும். இல்லையேல் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். பிசின் பக்கத்திலேயே தயாராக நிற்கிறது. சுடருக்குள்ளேயே ஒட்டிப் பிறந்த சிறு கொத்துகள் இந்த இடியாலும் பிரியா. பிறகு வந்து ஒட்டியவை பிரியும். அது போதும். இன்று பல்பகுதியத் திரவங்களில் நனோத்துணிக்கைகளைக் கலக்கும் ஆய்வுகூடங்களும் உருளைகள் கொண்ட ஆலைகளிலும் மிகையொலிக் கருவிகளிலும் இதே வேலையைத்தான் செய்கின்றன. அங்கேயும் தடித்த கலவையில் அரைத்துவிட்டுப் பிறகு மெல்லியதாக்குவது வழக்கம்.

இஸ்தன்பூலின் சுலைமானியாப் பள்ளிவாசலைப் பற்றிய செய்தி நம்மவர் பலருக்குத் தெரியும். 1557 இல் கட்டி முடிந்த அந்தப் பள்ளியில் எரிந்த எண்ணெய் விளக்குகளின் புகை, சினான் அமைத்த காற்றோட்டத்தால் வாசலுக்கு மேலுள்ள ஓர் அறைக்கு இழுக்கப்பட்டு, அங்கே படிந்த கரி மை செய்ய எடுக்கப்பட்டது என்பார்கள். இன்னொன்றும் சொல்வார்கள்: மைக்குடுவைகளை ஹஜ் கபிலாவின் ஒட்டகங்களில் கட்டி அனுப்பி, மக்கா போய் வரும் வரை குலுங்கவிட்டு, திரும்பியதும் அந்த மையால் குர்ஆன் எழுதினார்கள் என்று. எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். ஆனால் ஒட்டகத்தின் குலுக்கல் திரளை உடைக்கும் என்று நான் நம்பவில்லை. நீர்த்த மையைக் குலுக்கும்போது எழும் இழுவை அதற்குப் போதாது. நன்றாக இடித்த மைக்கு ஒட்டகம் தேவையில்லை. இடிக்காத மையை ஒட்டகமும் திருத்தாது. அந்தப் பயணம் பறக்கத்துக்காக. அதில் ஒரு குறையும் இல்லை. அதை விஞ்ஞானம் என்று சொல்லாமல் விட்டால் சரி.

பிசினின் அளவிலும் ஒரு நுட்பம் உண்டு. குறைந்தால் ஒரே சங்கிலி இரண்டு துணிக்கைகளைப் பிடித்து முடிச்சுப் போடும். காவலாளியே கூட்டம் சேர்த்துவிடுவார். கூடினால், கரியில் இடம் கிடைக்காத பிசின் நீரில் சும்மா அலையும். துணிக்கைகள் இரண்டு நெருங்கும்போது இடுக்கிலிருந்து அந்தச் சங்கிலிகள் விலக, வெளியில் நிற்பவை பக்கங்களிலிருந்து அமுக்கித் துணிக்கைகளைச் சேர்த்துவிடும். இந்த இரண்டாவது விளைவுக்கு 1954 இல்தான் யப்பானிய அறிஞர்களான அசாகுராவும் ஊசாவாவும் கணக்குப் போட்டார்கள். பழைய மைகாரருக்கு இவை தெரியா. ஆனால் பிசின் கூடினால் மை பேனாவில் இழுபடும், காய்ந்ததும் வெடித்து உதிரும், குறைந்தால் தாளில் நிற்காது என்று தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவே கை போய் நின்ற இடமே அவர்களுடைய அளவு. மைக்கூட்டுக்குள் பச்சைப் பட்டு நூலை இட்டு வைத்ததும் அனுபவம்தான். பேனா அடியில் முட்டாது. தேவைக்கு மேல் மையும் ஏறாது.

ஐரோப்பா இந்தக் கேள்விக்கு வேறு வழியாக வந்தது. மைக்கேல் பரடே 1857 இல் நீரில் மிக நுண்ணிய பொன்னைப் பரப்பிச் செந்நிறத் திரவம் செய்தார். உப்புச் சேர்த்தால் அது நீலமாகியது. துணிக்கைகள் திரண்டதே காரணம். 1861 இல் தோமஸ் கிரகாம், பிசின், மாப்பொருள், ஜெலற்றின் போன்றவற்றுக்கு ஒரு பொதுப்பெயர் வைத்தார்: கொலோயிட். பசை என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. பிறகு றிச்சர்ட் சிக்மொண்டி, பொன் திரவம் உப்பால் நிறம் மாறாமல் தடுக்க எந்தப் பசை எவ்வளவு வேண்டும் என்று அளந்து பொன் எண் என்ற அளவையை ஏற்படுத்தினார். அதில் ஜெலற்றின் அரபுப் பிசினைவிடப் பல மடங்கு வலுவான காவல் என்று தெரிந்தது. சீனர் தம் மைக்குத் தோல் வேகவைத்த பசையை, அதாவது ஜெலற்றினை, பயன்படுத்தியவர்கள். அவர்களும் கணக்குப் போடவில்லை. 1925 க்குரிய இரசாயன நோபல் பரிசு சிக்மொண்டிக்குக் கிடைத்தது.

மௌலவிக்கு நான் சொல்ல விரும்பிய செய்தி இதற்குப் பிறகுதான் வருகிறது. வாளில் கண்ட அந்த நனோகுழாய்களை ஆய்வுகூடத்தில் தனியாகச் செய்ய முடிந்த பிறகு, பெரிய தலையிடி அவை நூல்கண்டு போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுதான். பிசினிலோ பிளாத்திக்கிலோ கலந்து வலுவான கூட்டுப்பொருள் செய்யலாம் என்று எடுத்தால், திரண்ட இடத்தில் வலுவுக்குப் பதிலாக வெடிப்புத் தொடங்குகிறது. 2002 இல் 'நனோ லெற்றர்ஸ்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை வந்தது. அதன் ஆய்வாளர் நீரில் நனோகுழாய்களைத் தனித்தனியாகப் பிரித்து நிறுத்தி வைப்பதற்குக் கையாண்ட பொருள் அரபுப் பிசின். இப்னு பாதீஸின் நூலில் கரிக்குப் பக்கத்தில் எழுதியிருந்த அதே பொருள்.

அப்படியென்றால் "எங்கட முன்னோருக்குத் தெரியும்" என்பது சரிதானே என்று கேட்கலாம். எது தெரியும் என்பதில்தான் வேறுபாடு. துணிக்கை எவ்வளவு பெரிது, ஏன் ஒட்டுகிறது, பிசின் எங்கே நிற்கிறது, இவையெல்லாம் அவர்களுக்குத் தெரியா. தெரிந்ததென்று சொன்னால் அது அவர்கள்மேல் சுமத்தும் பொய். கரி திரளும், எண்ணெயைப் போக்கினால் குறையும், தடிப்பாக இடித்தால் பிரியும், பிசின் அளவோடு இருந்தால் பிரிந்தது பிரிந்தபடி நிற்கும். இது அவர்களுக்குத் தெரியும். யாரோ ஒரு மேதைக்கு ஒரு நாள் தோன்றிய உண்மை அல்ல இது. எகிப்தியர் பப்பிரசில் எழுதிய காலம் தொடக்கம் கரியும் பிசினும் கைமாறி வந்தன. நம்மவர் அதை வாங்கி, செப்பனிட்டு, எழுதி வைத்தார்கள். எழுதி வைத்ததுதான் அவர்களுடைய தனிப்பங்கு என்று நினைக்கிறேன். பெயர் தெரியாத இடிகாரனின் கைப்பழக்கத்தை ஓர் ஆட்சியாளரின் பெயரிலுள்ள நூலில் ஏற்றினார்கள். அதற்குத் தக்பீர் சொல்லலாம்.

அந்தக் கூட்டத்துக்கு இரண்டு வாரங்களின் பின் மௌலவியை வீட்டுக்குத் தேநீருக்கு அழைத்தேன். விவாதிக்க அல்ல. மூத்தாப்பாவின் கிதாபை எடுத்து வைத்தேன். கரிமைப் பக்கங்கள் இன்றும் விளக்குக் கரிபோலவே கறுப்பு. ஹிப்று எழுதிய பக்கங்கள் தவிட்டு நிறமாகி, எழுத்து மறுபுறமும் தெரிகிறது. சில நூன்களின் வயிற்றில் தாளே இல்லை. மாசிக்காய் மையின் அமிலமும் இரும்பும் தாளைத் தின்றுவிட்டன. நீருக்குத் தப்பிய மை தாளை விட்டுவைக்கவில்லை. தாளை விட்டுவைத்த மை நீருக்குத் தப்பவில்லை. நம் ஊர்களில் இப்படியான கிதாபுகள் எத்தனையோ வீடுகளில் அலுமாரிக்கு மேல் கிடக்கின்றன. நோன்புக்கு முன் வீடு கழுவும்போது யாரோ ஒருவர் ஈரத்துணியோடு வருவார். அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்: கறுப்பு மங்காமல் தாளின் மேலேயே நிற்கிற எழுத்தில் ஈரம் படக்கூடாது, தவிட்டு நிற எழுத்துள்ள தாளை மடிக்கவும் கூடாது, ஈரக்காற்றில் வைக்கவும் கூடாது.

மௌலவி நான் துடைத்த பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். அந்த ஐந்தாறு வரிகளின் இடத்தில் கறைபோல அல்லாமல், சீரான சாம்பல் நிறம் மட்டும் பரவியிருந்தது. பேசின் தண்ணீர் மூன்று நாள் தெளியாத கதையைச் சொன்னேன். "அப்ப நல்லா இடிச்ச மையி" என்றார். பிறகு கேட்டார்: "இதில என்ன எழுதியிருந்திச்சு, ஹாஜியார்?"

எனக்குத் தெரியாது. வாப்பாவிடம் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.